பட்டை கழலாத கிண்ணம்

ஒரு மரக்கட்டையை நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்து பாதியைத் தரையில் போட்டால், கவிழ்த்து வைத்த படகு மாதிரி கிடக்கும். தட்டையான முகம் கீழே, வளைந்த பட்டை மேலே. சாதாரணமாகக் கிண்ணம் கடைகிறவர்கள் அந்தத் தட்டை முகத்தைத்தான் கிண்ணத்தின் வாயாக வைத்துக்கொள்வார்கள். பட்டைப் பக்கம் அடிப்பாகமாகிவிடும், பட்டை முழுக்கச் சீவலோடு போய்விடும். இதையே தலைகீழாக்கி, பட்டைப் பக்கம் வாய், பிளந்த பக்கம் அடி என்று வைத்துக் கடைந்தால், கிண்ணத்தின் விளிம்பாக மரத்தின் சொந்தத் தோலே நின்றுவிடும். மரம் எங்கே புடைத்து வளர்ந்ததோ அங்கே விளிம்பும் புடைக்கும். எங்கே ஒரு கிளை ஒடிந்து ஆறிய வடு இருந்ததோ அங்கே விளிம்பும் குழியும்.

நான் 6 வருடங்களாக இந்த வகைக் கிண்ணங்களைத்தான் அதிகம் கடைகிறேன். 40-க்கு மேல் ஆகிவிட்டது. அதில் பட்டை முழுவட்டமும் நின்றவை பாதிக்குக் கொஞ்சம் மேலே. அந்த 40-லும் திரும்பத் திரும்ப எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தக் கிண்ணம் நல்லபடி வருமா வராதா என்பது மோட்டாரைப் போடுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. உளி பிடிக்கும் கைத்திறமை அப்புறம்தான். அதனால் இங்கே நான் அதிகம் எழுதப்போவது கடையாத நேரத்தைப் பற்றித்தான்.

பட்டையும் வெடிப்பும் மரத்தின் குறை என்று பலர் ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றையே கிண்ணத்தின் முகமாக வைத்துக் காட்டியவர்களில் அமெரிக்காவின் மெல் லிண்ட்க்விஸ்ட், அவர் மகன் மார்க் இருவரும் முக்கியமானவர்கள். அவர்கள் வேலையைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்றே லேத்துக்கு, அதாவது கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்துக்கு, பக்கத்தில் விறகாகக் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

சரி, கட்டைக்கு வருவோம். சமீபத்தில் கடைந்தது வாகை. வாகைக்கு வெளிறும் (பட்டையை ஒட்டிய வெளிர்மரம்) வைரமும் (உள்ளே இருக்கும் முற்றிய மரம்) அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கும். பட்டைக்குக் கீழே வெளிர் மஞ்சளாக ஒரு வளையம், அதற்கு உள்ளே கரும்பழுப்பு. கடைந்து முடித்ததும் விளிம்பில் மூன்று நிறம் அடுக்காக வந்து நிற்கும்: கரடுமுரடான சாம்பல் பட்டை, அதன் கீழே வெளிறு, அதன் கீழே வைரம். பூச்சு எதுவும் போடாமலே வரைந்து வைத்த மாதிரி இருக்கும்.

எப்போது வெட்டிய மரம் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்கிற மெல்லிய படலம் இருக்கிறது. மரம் பருமனாவதே அதனால்தான். மரம் மும்முரமாக வளரும் நாட்களில் அந்தப் படலத்தின் உயிரணுக்கள் மெல்லிய சுவரோடு, நீர் கோத்து, வழுவழுவென்று இருக்கும். அப்போது வெட்டினால் பட்டையை விரலாலேயே உரித்துவிடலாம். வளர்ச்சி நின்றிருக்கும் காலத்தில் வெட்டினால் பட்டை பிடித்த பிடி விடாது. குளிர் நாடுகளில் அது பனிக்காலம். வாகை மாதிரி இலை உதிர்க்கும் மரங்களுக்கு, கிளையெல்லாம் மொட்டையாகி, காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் சலசலத்துக்கொண்டிருக்கும் நாட்கள். இந்தக் கட்டை அப்படி நெற்று சலசலத்த நாளில் வெட்டியது.

வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகு உருக்கிப் பூசினேன். மரத்தின் குறுக்குவெட்டு முகம் பக்கவாட்டு முகத்தைவிடப் பத்து மடங்கு வேகமாக ஈரத்தை விடும். பூசாமல் விட்டால் சில நாளிலேயே முனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விழும். அந்த வெடிப்புகள் பெரும்பாலும் நடுப்புள்ளியிலிருந்துதான் கிளம்பும். அதனால் கட்டையைப் பிளக்கும்போது நடுப்புள்ளி வழியாகவே பிளந்து, அது இருக்கும் பக்கத்திலிருந்து இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் அறுத்து எடுத்துவிடுகிறேன். நடுப்புள்ளியைக் கிண்ணத்துக்குள் விட்டு வைத்தால் அடியிலிருந்து ஒரு கீறல் கிளம்பும். இரண்டு கிண்ணம் அப்படிப் போன பிறகு நான் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

இப்போது வடிவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டை ஒரு உருளையின் மேற்பரப்பு. அதிலிருந்து வட்டமாக ஒரு துண்டை எடுத்தால், நார் ஓடும் திசையில் இருக்கும் இரண்டு ஓரங்களும் உயரமாக நிற்கும். அதற்குக் குறுக்கே இருக்கும் இரண்டு ஓரங்களும் தாழ்ந்து இறங்கும். குதிரைச் சேணம் மாதிரி இரண்டு மேடு, இரண்டு பள்ளம். என் கட்டையின் குறுக்களவு 28 செ.மீ. அதில் 20 செ.மீ. அகலக் கிண்ணம் எடுத்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் 4 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். கட்டை சிறியதாகவும் கிண்ணம் அகலமாகவும் இருக்க இருக்க இந்த இறக்கம் கூடும். மிகவும் கூடினால் கிண்ணம் இரண்டு சிறகு முளைத்தது போல ஆகிவிடும். அது சிலருக்குப் பிடிக்கும். எனக்கு 4 செ.மீ. போதும்.

இந்த நான்கு புள்ளிகளும்தான் எல்லாம். இரண்டு மேடுகளும் ஒரே உயரம், இரண்டு பள்ளங்களும் ஒரே தாழ்வு என்று வந்துவிட்டால் கிண்ணம் மேசையில் உட்காரும்போது தலை நிமிர்ந்து உட்காரும். ஒரு மேடு அரை அங்குலம் தாழ்ந்தால்கூட ஏதோ நழுவிப் போவது மாதிரி கண்ணை உறுத்தும். பார்க்கிறவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

அதனால் பேண்ட்சா ரம்பத்தில் வட்டமாக அறுத்ததும், கட்டையைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் சக்கிலோ, திருகாணியால் முடுக்கும் பேஸ்பிளேட் தட்டிலோ மாட்டுவதில்லை. லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டுகிறேன். பட்டையின் நடுவில் ஒரு அங்குல அகலத்துக்கு ஃபோர்ஸ்ட்னர் பிட் என்கிற துளையலகால் துளைத்துக் கட்டை தெரியும்வரை இறங்க வேண்டும். மோட்டார் பக்கத்து முனையின் பற்கள் பட்டையில் கடித்தால் சுழலும்போது பட்டை பிய்ந்து கட்டை கழன்று வரும். அந்தப் பற்கள் கட்டையில்தான் கடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம், டெயில் ஸ்டாக் என்கிற நகரும் தாங்கியின் கூர்முனை தட்டை முகத்தில் அழுந்தும்.

இங்கேதான் நான் மெதுவாகிறேன். உளி தாங்கியைப் பட்டை விளிம்புக்குப் பக்கத்தில் நகர்த்தி, அதன்மேல் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொள்கிறேன். கையால் கட்டையைச் சுற்றுகிறேன். முதல் மேடு வந்து பென்சில் நுனியைத் தொடுகிறது. அரைச் சுற்று. இரண்டாவது மேடு நுனிக்கு 9 மி.மீ. தள்ளி நிற்கிறது. டெயில் ஸ்டாக்கைத் தளர்த்தி, அந்தக் கூர்முனை குத்தும் இடத்தை நாரோட்டத்தின் திசையில் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி சுற்றல். 4 மி.மீ. இன்னும் ஒரு நகர்த்தல். இப்போது இரண்டு மேடும் பென்சிலை ஒரே மாதிரி உரசுகின்றன. அப்புறம் பள்ளங்கள். அதற்குக் கூர்முனையை நாருக்குக் குறுக்கே நகர்த்த வேண்டும். பள்ளம் சரியானால் மேடு கொஞ்சம் கலையும். மறுபடி மேடு. இந்தக் கட்டைக்கு 7 முறை தளர்த்தி இறுக்கினேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நேராக வளராத கட்டையில் நான்கையும் சமமாக்க முடியாது. அப்போது மேடுகளைச் சமமாக்கிவிட்டுப் பள்ளங்களைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன், கண் முதலில் உயரத்தைத்தான் பார்க்கும் என்பதால். இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணுக்குச் சமமாக இருப்பது எடைக்குச் சமமாக இருக்காது. ஒரு பக்கம் பட்டை தடிமனாக இருக்கும், ஒரு பக்கம் வைரம் அதிகமாக இருக்கும். கண்ணுக்காக வைத்த கட்டை லேத்தை உலுக்கும். அதற்கு வேகத்தைக் குறைப்பதுதான் வழி. நிமிடத்துக்கு 400 சுற்றில் தொடங்கி, அதிகப்படியான மரம் போகப் போக வேகம் கூட்டலாம். முகமூடிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கட்டை கழன்றால் பறக்கக்கூடிய நேர்க்கோட்டைவிட்டு விலகி நின்றுதான் சுவிட்சைத் தொடுகிறேன்.

சுழலத் தொடங்கியதும் கட்டை இரண்டாகத் தெரியும். நடுவில் திடமான உருவம், அதைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு நிழல். அந்த நிழல்தான் மேடுகள். கண்ணுக்குப் புகையாகத் தெரிந்தாலும் விரலுக்கு அது கத்தி. 20 செ.மீ. அகலம் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால் விளிம்பு மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உளி தாங்கிக்கு அந்தப் பக்கம் என் விரல் போவதே இல்லை. லேத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறேன், கரும்பட்டையின் நிழல் அதில் தெளிவாகத் தெரியும்.

கிண்ணத்துக்கான நகவுளியைத்தான் பயன்படுத்துகிறேன். வெட்டுமுனையின் பக்கச் சிறகுகள் இரண்டையும் நன்றாகப் பின்னுக்கு இழுத்துத் தீட்டியது. 1986-இல் தொடங்கிய அமெரிக்க மரக்கடைசல் சங்கத்தின் முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த் பரப்பிய தீட்டல் முறை இந்த மாதிரிதான், அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். ஈரமரத்தில் அது நீளநீளமாகச் சுருள் எடுக்கும். சுருளோடு சேர்ந்து நீரும் தெறிக்கும். முகமூடியில் துளித்துளியாக வந்து ஒட்டும். அந்த ஈர மணம் எனக்குக் கடைசலிலேயே பிடித்த விஷயம்.

வெளிப்பக்கம் கடைவதற்கு ஒரு பொது விதி உண்டு. அடியிலிருந்து விளிம்பை நோக்கி வெட்டு, அதுதான் நாருக்கு இணக்கமான திசை என்பார்கள். சரிதான். ஆனால் பட்டைக் கிண்ணத்தில் விளிம்புவரை அப்படியே போனால், உளி கடைசியில் கட்டையிலிருந்து வெளியேறும்போது பட்டையைப் பின்னாலிருந்து தள்ளும். பட்டைக்கு அந்தப் பக்கம் முட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது, பறந்துவிடும். அதனால் கடைசி ஒன்றரை அங்குலத்தைத் திசை மாற்றி, பட்டையிலிருந்து உள்நோக்கி வெட்டுகிறேன். அப்படிச் செய்தால் உளி பட்டையைக் கட்டையின்மேல் அழுத்தும். நாருக்கு எதிராகப் போவதால் வெட்டு கொஞ்சம் சொரசொரப்பாக வரும், வாகையின் நார் ஒன்றோடொன்று பின்னி ஓடுவது வேறு. புதிதாகத் தீட்டிய முனையும் மெல்லிய வெட்டும் இருந்தால் சமாளிக்கலாம்.

இதில் பழக வேண்டியது காற்றை வெட்டுவதுதான். ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை மரத்தைத் தொடும், இரண்டு முறை வெறுங்காற்றில் நிற்கும். 900 சுற்றில் நொடிக்கு 30 தட்டு. தட்டுகள் தனித்தனியாகக் கேட்காது, குளவி மாதிரி ஒரு ரீங்காரமாகக் கேட்கும். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, உளியை மரத்தின்மேல் சாய்த்துத் தள்ளுவது. காற்று வரும் இடைவெளியில் கை தன்னை அறியாமல் உளியை ஒரு மயிரிழை முன்னே தள்ளிவிடும், அடுத்த மேடு வந்து அதன்மேல் மோதும். உளியைத் தாங்கியின்மேல் ஊன்றி, மேடு இருப்பதாக நினைத்துக்கொண்டே நிழலின் ஊடாகச் சீராக நகர்த்த வேண்டும். ரீங்காரம் ஒரே சுருதியில் இருந்தால் வெட்டு சரியாகப் போகிறது என்று அர்த்தம். நான் காதால்தான் கடைகிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

வெளிப்பக்கம் முடிந்ததும் அடியில் 50 மி.மீ. அகலத்துக்கு, 8 மி.மீ. உயரத்துக்கு ஒரு குமிழ் விட்டு, அதைச் சக்கின் தாடைகளில் கடிக்கவைத்துத் திருப்பி மாட்டிக் குடைய வேண்டும். குடைவதில்தான் என்னுடைய பெரிய இழப்பு நடந்தது, மூன்றாவது கிண்ணத்தில்.

அது நல்ல கட்டை. வெளிப்பக்கம் அருமையாக வந்திருந்தது. உள்ளே விளிம்பிலிருந்து அடிவரை ஒரே மூச்சில் மெல்லியதாகக் குடைந்துவிட்டேன். அப்புறம் ஒரு வேலையாக ஒரு மணி நேரம் போய்விட்டு வந்து பார்த்தால், விளிம்பு கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு வெட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று உளியை வைத்தேன். முதல் மேட்டில் உளி படவே இல்லை. பள்ளத்துப் பக்கம் ஆழமாகக் கடித்தது. டப் என்று ஒரு சத்தம். லேத்தை நிறுத்தினால் ஒரு சிறகு முழுதாகக் காணோம். பட்டறையின் மூலையில் கிடந்தது, பட்டையோடு, எந்தச் சேதமும் இல்லாமல். அன்றைக்கு அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அது சுருங்கத் தொடங்குகிறது. மெல்லிய சுவர் என்றால் அந்த நிலைக்கு வர நாள் கணக்கு வேண்டாம், சுழலும்போது அடிக்கும் காற்றே போதும். நாரின் நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை. வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையிலோ, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக, நான் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. நடுவே தாங்கும் மரமும் இல்லாததால் விளிம்பு அதிரவும் செய்தது.

இப்போது படிப்படியாகத்தான் குடைகிறேன். நடுவில் பெரிய மரத்திட்டை அப்படியே விட்டுவிட்டு, விளிம்பிலிருந்து முதல் ஓர் அங்குலத்தை மட்டும் முழுத் தடிமனுக்குக் கொண்டுவந்து முடித்துவிடுகிறேன். முடித்தது முடித்ததுதான், திரும்பப் போவதில்லை. பிறகு அடுத்த அங்குலம். ஒவ்வொன்றும் முன்னதோடு மென்மையாகச் சேர வேண்டும். தொடங்கினால் முடிக்கும்வரை எழுந்து போவதில்லை. இடையில் சுவர் காய்வது தெரிந்தால் நீர் தெளித்துக்கொள்கிறேன்.

தடிமனைப் பார்க்க விளக்கு வைப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அறையை இருட்டாக்கிவிட்டு, கிண்ணத்துக்கு வெளியே ஒரு விளக்கை நிறுத்தி, உள்ளே இருந்து பார்த்தபடி கடைவேன். ஈரமரம் ஒளியை விடும். வெளிறு முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும், 5 மி.மீ.க்கு வரும்போது தேன் நிறத்தில் மின்னும். எங்கே இருட்டாக ஒரு திட்டு தெரிகிறதோ அங்கே இன்னும் மரம் இருக்கிறது. வாகையின் வைரம் இருண்டது, ஒளியை விடாது. அங்கே தடிமன் அளக்கும் காலிப்பரைத்தான் நம்ப வேண்டும். ஆனால் விளிம்பைச் சுற்றி அந்த வெளிறு வளையம் மட்டும் இருட்டில் எரியும். சுழலும்போது மேடுகளின் நிழலும் சேர்ந்து எரியும்.

பட்டைக்குச் சூப்பர் குளூ விடுவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். பட்டையும் கட்டையும் சேரும் கோட்டில் தண்ணீர் மாதிரி நீர்த்த வகையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது உள்ளே ஊறிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெளிறில் பட்டால் ஆறாத கறை மாதிரி நின்றுவிடும், அதனால் முதலில் அந்த இடத்தில் மெல்லியதாக மெழுகோ லாக்கரோ தடவிக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் பட்டை ஒரு பக்கம் கழன்றுவிட்டால், மிச்சத்தையும் உரித்துவிடுவேன். பட்டைக்குக் கீழே இருக்கும் மேற்பரப்பே மென்மையான அலைகளோடு அழகாக இருக்கும். பாதிப் பட்டையோடு நிற்கும் கிண்ணம் எனக்குச் சகிக்காது.

உப்புத்தாள் வேலையை நீட்டப்போவதில்லை. விளிம்புப் பகுதியை லேத்தை நிறுத்திக் கையால் தேய்க்கிறேன். ஓடவிட்டுத் தேய்த்தால் விரலும் வெட்டுப்படும், மேடுகளின் ஓரமும் தேய்ந்து மெலிந்துவிடும். வாகைத் தூள் மூக்கைப் பிடித்து ஆட்டும், தும்மல் நிற்காது. முகக்கவசம் கட்டாயம்.

அப்புறம் காத்திருப்பு. கிண்ணத்தை அதன் ஈரச் சீவலோடு காகிதப் பைக்குள் போட்டு, வெயிலும் காற்றும் படாத இடத்தில் வைத்துவிடுகிறேன். சுவர் எங்கும் ஒரே தடிமன் என்றால் வெடிக்காமல் வளைந்து கொடுத்துக் காயும். 4 நாளைக்கு ஒரு முறை எடுத்து எடை பார்த்து, அடிக்குமிழின் முகத்தில் பென்சிலால் கிராமில் எழுதுவேன். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி. இந்த வாகைக்கு எழுதியவை: 342, 281, 251, 238, 233, 232. அப்புறம் இன்னொரு 232. அளந்தால் நாரோட்டத்தில் 205 மி.மீ., குறுக்கே 197. பட்டை முழுவட்டமும் நின்றிருந்தது.

விளிம்பு சமதளமாக இல்லாததால் கவிழ்த்து வைத்துக் கடிக்கவைக்க முடியாது. துணி சுற்றிய உருண்டைக் கட்டை ஒன்றைச் சக்கில் மாட்டி, அதன்மேல் கிண்ணத்தின் உட்பக்கத்தைப் போர்த்தி, டெயில் ஸ்டாக்கால் மெதுவாக அழுத்திக்கொண்டேன். குமிழை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கடைந்தபோது 342 போனது, 281 போனது. டெயில் ஸ்டாக் அழுத்தியிருந்த நடுக்குச்சி மட்டும் மிஞ்சியது. லேத்தை நிறுத்தி, கிண்ணத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சின்ன உளியால் அதைச் சீவினேன். இரண்டாவது 232 அதன் பக்கத்தில் இருந்தது. அந்தச் சீவல்தான் கடைசியாக விழுந்தது.